செங்கொடிப் பதக்கத்தை ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பவும்

உலான்பாத்தர்,
மார்ச் கடைசி

இதுவரை என் மரியாதைக்கு உரியவராக இருந்த தம்தின் மாமா அவர்களுக்கு,

மருமகன் கன்சோரிக் எழுதுவது. குளிர்காலம் உங்களை அதிகம் வாட்டாமல் போனதா? ஆடுகள் இடுப்பெலும்பு தெரியாமல் வசந்தத்துக்கு வந்து சேர்ந்தனவா? முழங்கால் எப்படி இருக்கிறது? நான் செய்து கொடுத்த பல் செட் ஈறை உறுத்தவில்லையே? இங்கே எல்லோரும் கரிப்புகையை மூச்சாக விட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம். கேட்க வேண்டிய நலமெல்லாம் கேட்டுவிட்டேன். இனி திருட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளை மாதப் புத்தாண்டுக்கு முன்னால் பல் கட்டிக்கொள்ள என் வீட்டுக்கு வந்தீர்கள். "மருமகனே, பண்டிகை நாள்ல எல்லாக் கிழவனும் அங்கி நிறையப் பதக்கம் குத்திக்கிட்டு விருந்துக்கு வெச்ச ஆட்டு வாலுக்கு முன்னால உக்காந்திருக்கான். நான் மட்டும் மொட்டைக் கம்பம் மாதிரி உக்காந்திருக்கேன். உன் பெட்டியில சும்மாதானே கிடக்கு, மூணு நாளைக்குக் குடு" என்றீர்கள். ராணுவச் சமையற்கட்டில் மூன்று வருஷம் சோவியத் சிப்பாய்களுக்கு உருளைக்கிழங்கு உரித்ததற்கு எவனும் உங்களுக்கு ஒரு தகரம்கூடக் கொடுக்கவில்லையே என்று எனக்கும் மனசு கேட்கவில்லை. ஐந்து பதக்கம் பொறுக்கிக் கொடுத்தேன், எல்லாம் என் சம்பளத்தில் சந்தையில் வாங்கிச் சேர்த்தவை. நீங்கள் அத்தோடு நின்றீர்களா? நான் பல் அச்சு வார்க்கப் பட்டறைக்குப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து, தேயிலை டப்பாவுக்குள் துணி சுற்றித் தனியாக வைத்திருந்த செங்கொடிப் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அது என்னுடையது அல்ல மாமா. அது பக்கத்து வேலிமனையில் குடியிருக்கும் நொர்ஜ்மா அக்காவுடையது. அவர் அப்பா 1939-இல் ஹால்ஹின் கோல் போரில் ஜப்பான்காரன் குண்டை விலாவில் வாங்கிக்கொண்டு சம்பாதித்தது. ஓரத்தில் எனாமல் பெயர்ந்திருப்பது, அக்கா சின்ன வயதில் அதைக் கல்லில் தட்டி விளையாடியதால். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளிநாட்டு வியாபாரியிடம் விற்கப் போனவரை நான்தான் தடுத்து, செலவுக்குப் பணம் கொடுத்து, கேட்கும்போது திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வைத்தேன்.

இப்போது கேட்கிறார். ஏன் கேட்கிறார் என்று போன தடவை நேரில் வந்தபோதே சொன்னேன், நீங்கள் காதில் வாங்கவில்லை. எங்கள் மலைச்சரிவை ஒரு கட்டடக் கம்பெனி வளைத்துவிட்டது. அக்காவின் வேலிதான் முதலில் பிடுங்கப்படும், அடுத்தது என் வேலி. நஷ்ட ஈடாகக் காட்டுகிற வீட்டில் அவருடைய அடுப்பைக்கூட வைக்க முடியாது. மூன்று தடவை பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "அக்கா, பேப்பர் எல்லார்கிட்டயும்தான் இருக்கு" என்றாளாம். வரும் திங்கட்கிழமை கடைசி விசாரணை. அந்த மண் அப்பாவின் பதக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது, அதையே மேசைமேல் வைத்துக் கேட்கப்போகிறேன் என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கிறார். பதக்கம் எங்கே இருக்கிறது? கோபிப் பாலைவனத்தில், உருளைக்கிழங்கு உரித்த ஒரு நெஞ்சில்.

மூன்று நாள் ஆகி ஒரு மாதம் ஆயிற்று. போன் போட்டால் உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் எடுத்து, "வீரர் ஓய்வில் இருக்கிறார்" என்கிறார். எந்த வீரர் என்று குழம்பிக்கொண்டிருந்தபோது மாகாண டிவியில் உங்களைப் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் கழுத்தில் துணி கட்டிய நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்க, நானும் அவரும் சேர்ந்தே பார்த்தோம். வட்டத் தலைவர் நீலப் பட்டுத்துணியை இரண்டு கையாலும் ஏந்தி உங்கள் முன்னால் குனிகிறார். "தொண்ணூற்றேழு வயதிலும் குதிரையேறும் எங்கள் ஹால்ஹின் கோல் வீரர்" என்கிறார். உங்களுக்கு அறுபத்தெட்டு மாமா. அந்தப் போர் நடந்தபோது உங்கள் அம்மாவுக்கே பால் பல் விழவில்லை. வயதைக் கேட்ட டிவிப் பெண்ணிடம், "எண்ணுறதை எப்பவோ விட்டுட்டேன் தாயி" என்று பொக்கை வாயால் சிரித்தீர்கள். பொக்கை வாய். ராத்திரி பகலாக உட்கார்ந்து நான் கட்டிக் கொடுத்த பல் செட்டைக் கழற்றி எங்கே வைத்தீர்கள், மூக்குப்பொடிக் குப்பிக்குப் பக்கத்திலா?

சரி, நேரில் வாங்கி வந்துவிடலாம் என்று லீவு போட்டு வந்தால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் பெர்லினைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எப்படிப் பிடித்தீர்கள் என்று நானே கேட்டேன்: "லாரியில போனோம், இடது பக்கம் திரும்பினோம், பெர்லின்." நெஞ்சில் அந்தப் பெர்லின் பதக்கத்துக்குப் பக்கத்தில் தொங்குவது ப்ராக் நகரை மீட்டதற்கு. அதற்குக் கீழே, நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றியதற்குச் சோவியத் அரசு கொடுத்தது. கோபியில் முழங்கால் அளவு தண்ணீர் பார்த்தவர் எத்தனை பேர் என்று அந்தத் தலைமை ஆசிரியருக்காவது தோன்ற வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலே, நடு நெஞ்சில், நிறையப் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குக் கொடுக்கிற தாய்மைப் பதக்கம். கல்யாணமே ஆகாத மனிதர் நீங்கள். ஒரே ஒரு சின்னப் பெண் எழுந்து, "தாத்தா, அது எங்க அம்மாகிட்டயும் இருக்கு" என்றாள். டீச்சர் அவளை உட்காரச் சொல்லி அதட்டினார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதுங்குகுழியில கிடந்த பசங்களுக்கெல்லாம் நான்தானே பாப்பா தாய் மாதிரி இருந்தேன்" என்றீர்கள். டீச்சர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக.

கூடாரத்துக்கு வந்து கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "திருகாணி துரு ஏறிடுச்சுடா. கழட்டினா பட்டு அங்கி கிழிஞ்சிரும்." கிழியட்டுமே என்றேன். அதற்குத்தான் உங்களுக்குக் கோபம் வந்தது. "நாப்பது வருஷம் வெறும் நெஞ்சோட வட்ட ஆபீஸ் வாசல்ல நின்னிருக்கேன். ஒருத்தன் உக்காருன்னு சொன்னதில்ல. கிணறு வேணும்னு ஊரே கேட்டுச்சு, எவன் வந்தான்? இப்பப் பாரு, பனி கொட்டினா என் வாசலுக்குத்தான் முதல்ல வண்டி வந்து தள்ளுது. துளை போடற மெஷின் வந்து நிக்குது. அடுத்த வாரம் மந்திரி வர்றாரு. அவர் போனதும் கழட்டித் தர்றேன், போடா."

மெஷின் நிற்பதை நானும் பார்த்தேன். பத்து வருஷமாக மனுப் போட்ட இடையர்களுக்கு வராத மெஷின், ஐந்தாறு தகரத்தை நெஞ்சில் குத்தியதும் வந்துவிட்டது. அந்தத் தகரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படிக்க உங்கள் ஊரில் ஒரு அதிகாரிக்கும் நேரமில்லை. இந்த நாட்டில் மனிதன் பேசினால் கேட்காது, உலோகம் கிலுகிலுத்தால் கேட்கும். அது உங்கள் தப்பில்லை. அடுத்தவர் வீட்டுக்குக் கூரையாக இருக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போனதுதான் உங்கள் தப்பு. மந்திரி வருவார், போவார். திங்கட்கிழமை ஒரு தடவைதான் வரும்.

அதனால் கடைசியாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் ஓட்டுநர் அரை மணி நேரம் காத்திருப்பார். பட்டு கிழிந்தாலும் சரி, செங்கொடிப் பதக்கத்தைத் திருகிக் கழற்றித் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். மற்ற ஐந்தையும் கூடவே. இல்லையென்றால் மாகாண டிவிக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழை நானே அனுப்புவேன். அம்மாவுடைய அண்ணன் என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

உங்கள் மேய்ச்சலில் புல் தழைக்கட்டும், குட்டிகள் குளிரில் விறைக்காமல் எழுந்து நிற்கட்டும், ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். ஊரில் பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லவும்.

கோபம் ஆறாத மருமகன்,
கன்சோரிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நொர்ஜ்மா அக்கா கரி கடன் கேட்க வந்தார். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். டிவியில் வந்ததைக் கைபேசியில் போட்டுக் காட்டச் சொன்னார். வட்டத் தலைவர் உங்களுக்குக் கார் கதவைத் திறந்துவிடுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "தம்பி, எங்கப்பா நெஞ்சுல இருந்தவரைக்கும் அந்த மண்ணைத் தவிர அது அவருக்கு ஒரு மூட்டை மாவுகூட வாங்கித் தரல. நான் கையில எடுத்துட்டுப் போனா, எங்க திருடினன்னு கேப்பானுங்க. உங்க மாமா நெஞ்சுலதான் அது வேலை செய்யுது. கழட்ட வேணாம். ஆளோட வரச் சொல்லு" என்றார். யோசித்துப் பார்த்தேன். என் வேலியும் அடுத்தது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, அதே ஓட்டுநரோடு, அதே அங்கியில் பஸ் ஏறுங்கள். முன்சீட் சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் உங்களுக்கு வயது தொண்ணூற்றேழு. பல் செட்டைக் கழற்றிவிடுங்கள். தாய்மைப் பதக்கம் நடுவிலேயே இருக்கட்டும், எவனும் படிக்கப் போவதில்லை.