மூன்று சிவப்பு இரும்பும் ஓர் உறுப்பறிஞரும்

திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு அடுத்தபடியாகப் பெருகியிருப்பவர்கள் உறுப்பறிஞர்கள். மூலையில் கிடக்கும் பழைய இயந்திரத்தில் இன்னதென்று தெரியாத ஓர் உறுப்பு துருத்திக்கொண்டிருந்தால், அதற்குப் பெயரும் வேலையும் கற்பிக்காமல் இவர்கள் வீடு திரும்புவதில்லை.

உறுப்பறிஞரை அடையாளம் காண்பது எளிது. இயந்திரத்தை நேராக அணுகமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருமுறை வலம் வருவார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உறுப்பை இரண்டு தட்டுத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார், விரலில் ஒட்டிய கிரீஸை முகர்வார், இதற்கு முன்னால் யார் பார்த்தார்கள் என்று விசாரிப்பார், பெயரைச் சொன்னதும் இரக்கத்தோடு புன்னகைப்பார். பிறகு தீர்ப்பு. பெரிய உறுப்பென்றால் பேலன்ஸுக்கு, சிறியதென்றால் டென்ஷனுக்கு, இரண்டிலும் அடங்காவிட்டால் பாதுகாப்புக்கு. 'தெரியாது' என்ற சொல்லை அவர் அறியாதவரா? அறிவார். முன்னால் பார்த்தவரைப் பற்றிப் பேசும்போது தாராளமாகப் பயன்படுத்துவார்.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் கண்ணாடி பார்த்துத்தான் சவரம் செய்துகொள்கிறேன்.

வேலம்பாளையத்தில் என் நண்பர் செங்கோட்டையன், பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி நடத்துகிறார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து பழைய நிட்டிங் இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். விளக்கப் புத்தகம் வரவில்லை. சுவிட்சைப் போட்டால் உறுமியது, சுழலவில்லை. அதன் உருளையை ஒட்டி மூன்று இடங்களில் உள்ளங்கையளவு சிவப்பு இரும்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு போல்ட். என்னை அழைத்தார். வலம் வந்தேன், தட்டினேன், முகர்ந்தேன்.

"இது மெயின் பேலன்ஸுங்க. இதுல கை வெச்சா மெஷினே போயிரும்" என்றேன்.

யாரும் கைவைக்கவில்லை. எனக்குப் பின்னர் அவிநாசியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வந்த நான்கு அறிஞர்கள், அந்த இரும்புக்கு நான்கு புதிய பெயர்களைச் சூட்டினார்களே ஒழிய, தொடக்கூடாது என்பதில் என்னோடு முழுமையாக உடன்பட்டார்கள். இயந்திரம் மூலைக்குப் போயிற்று. அதன் தலையில் நூல் பெட்டிகள் ஏறின.

சென்ற மாதம் செங்கோட்டையனின் மகள் கீர்த்தனா, தனியாகத் தொழில் தொடங்குவதற்கு அந்த இயந்திரத்தைக் கேட்டாள். பழைய இரும்பு வியாபாரி முகமது ரபீக்கின் டெம்போ வெள்ளிக்கிழமை வரும். அதற்குள் ஓட்டிக் காட்டினால் உனக்கு, இல்லாவிட்டால் எடைக்கு என்று தந்தை சொல்லிவிட்டார். அவள் மூன்று நாள் மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றித் துருவை நீக்கினாள். உருளை இம்மியும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் என்னை மறுபடி அழைத்தார்கள். அந்தச் சிவப்பு இரும்பைக் கழற்றிப் பார்க்கலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்க, நான் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்று மறித்துக்கொண்டேன். அப்படி நின்றிருந்தபோதே வாசலில் டெம்போ வந்து நின்றது.

ரபீக் வலம் வரவில்லை. குனிந்தார், பார்த்தார்.

"ஏனுங்க, இதை இன்னும் கழட்டலீங்களா? லாரியில வர்றப்ப உருளை ஆடாம இருக்கப் போடற பூட்டுங்க இது. இறக்குன அன்னிக்கே கழட்டியிருக்கோணும்."

ஆறு போல்ட்டுகள். பத்து நிமிட வேலை. கீர்த்தனா கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள். உருளை முனகியது, ஒருகணம் யோசித்தது, பிறகு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. சுவிட்சைப் போட்டதும் தானாகவே சுழன்றது. செங்கோட்டையன் என் பக்கம் திரும்பவேயில்லை. அது அவருடைய பெருந்தன்மை. தம் வாயாலேயே ஒரு டெம்போ சரக்கை இழந்த ரபீக், அந்த மூன்று சிவப்பு இரும்புகளை மட்டும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

உறுப்பறிஞன் தோற்பதில்லை. "எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு" என்றேன்.

கீர்த்தனா நிமிராமல் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க மாமா. பத்தொம்பது வருசமாச் சந்தேகப்பட்டுட்டே இருந்திருக்கீங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால், சிவப்பு இரும்பு என்று படித்த இடத்திலேயே அது பூட்டுத்தான் என்று கண்டுபிடித்துவிட்டதாகப் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதற்கு இப்போது வாயெடுத்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?