வாவிச் சாட்டைக்கு மூன்று பூட்டு

"உங்கள் கணக்கினுள் புதிய கருவி ஒன்றிலிருந்து நுழைந்திருக்கிறார்கள். அது நீங்கள்தானா?" என்று போன் கேட்டது.

அது நல்லரத்தினம் இல்லை. நல்லரத்தினம், மீன் வாங்கி ஐஸ் விற்கிற பெரியகல்லாற்று ஐஸ் வாடியில், தராசுக்கு முன்னால், மின்விசிறிக்குக் கீழே, கையில் ஒரு பாரை மீனோடு நின்றுகொண்டிருந்தான். மீன் நழுவித் தராசில் விழுந்தது.

"என்ன அண்ணன், செத்த மீனுக்கு உசிர் வந்திட்டா?" என்றான் தோமஸ். தோளில் சாக்கு, சாக்கின்மேல் ஐஸ் கட்டி. குனிந்தபடியேதான் கேட்டான். ஐஸ் சுமக்கிறவனுக்கு நிமிர்ந்து கேட்க வழியில்லை.

"நீ உண்ட வேலயப் பாரு."

"பாத்துக்கொண்டுதான் போறன். நீங்கதான் போனப் பாக்கிறீங்க."

அந்தக் கணக்கு 'வாவிச் சாட்டை' என்ற இணையப் புளொக்கினுடையது. நாலு வருடமாக நல்லரத்தினம் பெயர் போடாமல் எழுதிவருகிறான். பெண்சாதி பிரஷாந்தியைத் தவிர ஊரில் ஒரு சீவனுக்கும் தெரியாது என்பது அவன் நம்பிக்கை. எழுதுவதெல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான்: மீனவர் சங்கத் தலைவரும் ஐஸ் வாடியின் முதலாளியுமான வினாயகமூர்த்தி. நடுப்பகுதி உறைவதற்கு முன்பே ஐஸைத் தூக்கி, உள்ளே வெற்றாய்க் கோறையான கட்டியை மீனவர் தலையில் கட்டுகிறார். தராசைச் சரித்து மீன் வாங்குகிறார். இப்படிக் கிழமைக்கு ஒன்று.

தராசைச் சரிக்கிறவன் நல்லரத்தினம்தான். பகலில் தலைவர் சொன்னபடி சரித்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, தராசைச் சரித்த அநியாயத்தை எழுதுவான். இரண்டும் ஒரே கை. அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. தன் தகவல் ஒருநாளும் பிழைக்காது என்ற பெருமை மட்டும் இருந்தது.

பெயர் வெளியே வந்தால் அடுத்த நாள் தராசு இல்லை. இந்த வயதில் தோமஸோடு சேர்ந்து ஐஸ் தூக்கவேண்டும். தலைவரின் வாடியில் அதுவும் கிடைக்காது. ஐஸ் தூக்குகிறவனின் தோள் எப்படி வெடிக்கும் என்று கண்ணீர் வரும்படி எழுதியவன் அவன். ஆகவே அந்த வேலை தனக்குச் சரிவராது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் இந்த நாலு வருடத்தில் தலைவர் ஒன்றும் செய்யவில்லை. கண்டால் சிரிப்பார். போன வருடம் வாடியில் ஆட்களைக் குறைத்தபோது மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நல்லரத்தினத்தைத் தொடாமல் விட்டார். எழுதுகிற ஆள் ஆரென்று தெரியாவிட்டாலும் வாடியிலுள்ள படித்தவன்மீது கைவைக்கப் பயம் என்று நல்லரத்தினம் கணக்குப் பார்த்தான்.

வாசகர்களும் பயந்தாங்கொள்ளிகள்தான். அவன் தலைவரின் பெயரைப் போட்டே எழுதினாலும், பின்னூட்டத்தில் அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லவேமாட்டார்கள். 'காகத்துக்கு நல்லா வேணும்', 'காகம் இன்னும் திருந்தல்லயா?' என்று மறைத்து மறைத்துத்தான் எழுதுவார்கள். மீன் வாடியைச் சுற்றித் திருடித் தின்னுவது காகம். பொருத்தமான பெயர்தான் என்று நல்லரத்தினமும் விட்டுவிட்டான். கனடாவிலிருந்து ஒருத்தர், 'காகத்தை விடாதேங்க, எங்கட சின்னவன் ஒவ்வொரு கிழமையும் காத்துக்கொண்டிருக்கிறான்' என்று எழுதியிருந்தார். சின்னவன் ஆர் என்று யோசித்து, கொழும்பில் எங்கோ உயர்ந்த கதிரையில் இருக்கும் அதிகாரி ஒருவர் என்று முடிவுகட்டினான்.

பின்னூட்டங்கள் மின்னஞ்சலில் வந்துவிடும். புளொக்கை மட்டும் அவன் திறந்து பார்ப்பதில்லை. தன் பக்கத்தைத் தானே வாசிக்கப்போய்த்தான் பல பேர் பிடிபட்டார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். எழுதுவான், அனுப்புவான், வெளியே வந்துவிடுவான். நாலு வருடமாக அந்த விரதம் தவறவில்லை.

இப்போது யாரோ உள்ளே நுழைந்திருக்கிறான். தலைவரின் ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

மத்தியானமே சந்திக்கு ஓடினான். அங்கே நிலோஜனின் கொமினிகேசன் கடை இருந்தது. போட்டோக் கொப்பி, ரீலோட், வெளிநாட்டு விண்ணப்பம், எல்லாம் அங்கேதான்.

"கூட்டாளி ஒருத்தன்ட கணக்குக்குள்ள ஆரோ பூந்திட்டானாம்," என்றான் நல்லரத்தினம்.

"கூட்டாளிட பாஸ்வேர்ட் என்ன அண்ணன்? மோட்டச்சைக்கிள் நம்பரா?"

நல்லரத்தினத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்பிடித் தெரியும்?"

"இந்த ஊரில எல்லாருக்கும் அதுதானே. சைக்கிள் விக்கிறவன் பாஸ்வேர்ட்டையும் சேத்துத்தான் விக்கிறான்." நிலோஜன் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், குறி எல்லாத்தையும் கலந்து புதுசா வைக்கச் செல்லுங்க. வச்ச ஆளுக்கே வாசிக்கேலாம இருக்கோணும். மறுகா எல்லாப் போனையும் வெளிய தள்ளிப்போட்டு, ஒவ்வொரு தரமும் பாஸ்வேர்ட் அடிச்சே உள்ளுக்குப் போகச் செல்லுங்க."

அப்படியே செய்தான். பின்னேரம் வீட்டில் பிரஷாந்தி குசினி வாசலில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். போன கிழமை அவளுடைய அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பிய புதுப் போன்.

"பாஸ்வேர்ட்ட மாத்திட்டன்," என்றான் நல்லரத்தினம்.

பிரஷாந்தியின் விரல் நின்றது. "எதுக்கு? பழசுக்கு என்ன வந்த?"

"கள்ளன் பூந்திட்டான்."

"அப்பிடி ஒருத்தரும் பூரமாட்டாங்க. புதுசு என்ன?"

"செல்லமாட்டன்."

"இஞ்சேருங்க, நான் உங்கட பெண்சாதி."

"அதாலதான் செல்லல்ல. நாளைக்குத் தலைவர்ர ஆக்கள் வந்து உன்ன விசாரிச்சா?"

"விசாரிச்சா, முதல்ல உங்களுக்கு மூளை சுகமில்லயெண்டு செல்லுவன்," என்றுவிட்டுப் பிரஷாந்தி எழும்பிப்போய் அரிசியை வழமையைவிட வேகமாகக் களைந்தாள்.

வைத்த ஆளுக்கே வாசிக்க ஏலாத பாஸ்வேர்ட் அந்த ஆளின் ஞாபகத்திலும் நிற்காது என்பது அடுத்த நாள் விடியத்தான் உறைத்தது. கடதாசியில் எழுதினால் அகப்பட்டுவிடும். வாடியில் மீன் அடைக்கிற, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. லொறிக்காரருக்கென்று மூடிகளில் எல்லாம் இலக்கமும் எழுத்தும் கிறுக்கியிருக்கும். மார்க்கர் பேனையை எடுத்து, மறக்குமுன் நாலாவது பெட்டியின் மூடியில் பாஸ்வேர்ட்டை எழுதினான். எவனுடைய கண்ணும் படாது. தன் மூளையை மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது பெட்டி அடுக்கு இல்லை.

"தோமஸ், இந்தப் பெட்டியெல்லாம் எங்கடா?"

"இறால் போட்டு ஏத்தியாச்சு. கொழும்பு லொறி இப்பதான் பாலத்துப் பக்கம் கிறுகினது."

நல்லரத்தினம் ஓடினான். செருப்பு ஒரு பக்கம், சாரன் ஒரு பக்கம். பாலம்வரை ஓடினான். மூடியில் வாவிச் சாட்டையின் மானத்தைச் சுமந்துகொண்டு லொறி பாலத்தைக் கடந்து போய்விட்டது.

"ஏதும் பிழையா நிறுத்துப்போட்டீங்களா அண்ணன்?" என்று கேட்டான் தோமஸ்.

"இல்லடா, சரியா நிறுத்துப்போட்டன்," என்றான் நல்லரத்தினம் மூச்சு வாங்கிக்கொண்டு.

"அதுக்கு ஓடத்தான் வேணும். தலைவர் ஏசுவார்."

'பாஸ்வேர்ட்டை மறந்துவிட்டேன்' என்பதை அமுக்கினான். இரகசிய இலக்கம் ஒன்றை அனுப்பியிருப்பதாகப் போன் சொன்னது. அனுப்பியது அவனுடைய நம்பருக்கு அல்ல. அப்போதுதான் நினைவு வந்தது: நாலு வருடத்துக்கு முன் அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவன் நிலோஜன். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குத் திறந்தவனும் அவன்தான்; எல்லாவற்றுக்கும் தன் நம்பரையே கொடுத்திருந்தான். பாதி ஊரின் பூட்டுக்கும் திறப்பு அவன் சட்டைப்பையில் கிடந்தது. அவன் மனம் வைத்தால் ஊரையே பூட்டியிருக்கலாம். நல்லகாலம், கிரிக்கெட் பார்க்கவே அவனுக்கு நேரம் போதவில்லை.

"அண்ணன், உங்கட கூட்டாளிட நம்பர் எண்ட போனுக்கு வந்து கிடக்கு," என்று வாசலில் கண்டதுமே சொன்னான் நிலோஜன்.

"கூட்டாளி இப்ப வெளியூரில."

"ஓம், ஓம். அவருக்கும் உங்களப்போலக் கால் நிலத்தில நிக்காதாம்."

இலக்கத்தை வாங்கி, உள்ளே போய், நிலோஜனின் நம்பரை வெட்டினான். இனி இதை ஒருவனும் தொடக்கூடாது என்ற ஆவேசம் பிறந்தது. புதிதாக ஒரு சிம் வாங்கினான். பழைய பட்டன் போன் ஒன்றில் அதைப் போட்டான். பாஸ்வேர்ட் தெரிந்தாலும் அந்தப் போனுக்கு வரும் இலக்கம் இல்லாமல் யாரும் நுழைய முடியாதபடி இரண்டாவது பூட்டையும் பூட்டினான். மூன்றாவது பூட்டாக, அந்தப் போனையே ஒளித்துவிடுவது என்று முடிவுசெய்தான்.

அன்று பின்னேரம் பிரஷாந்தி கோழிக்கறி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, திருவிழாவும் இல்லை.

"இன்னொரு துண்டு போடட்டா?" என்றாள். "நம்பரச் செல்லுங்க."

"எந்த நம்பர?"

"உங்கட சாட்டைக்குள்ள போறதுக்கு. உங்களுக்கு ஒண்டு நடந்திட்டா எனக்குத் தெரிஞ்சிருக்கத்தானே வேணும்?"

"எனக்கு ஒண்டு நடந்தா அது என்னோட போகட்டும்."

பிரஷாந்தி போட எடுத்த துண்டைச் சட்டிக்குள்ளேயே திரும்ப விட்டாள்.

பூட்டு உறுதியானதும் எழுத்திலும் வீரம் ஏறியது. அடுத்த நாள் பின்னேரம் நல்லரத்தினம் நாலு வருடத்தில் எழுதாத ஒன்றை எழுதினான். 'வினாயகமூர்த்தி களவெடுத்த ஐஸ்' என்பது தலைப்பு. சங்கத்து மீனவருக்கென்று ஒதுக்கிய ஐஸைத் தலைவர் கலியாண வீடுகளுக்கு விற்ற கதை. பட்டன் போனில் வந்த இலக்கத்தை அடித்து, உள்ளே போய், கட்டுரையை அனுப்பி, வெளியே வந்தான். உடனே வாடிக்குப் போய், போனைப் பையில் சுற்றி, உப்பு மூட்டை அடுக்கில் ஆக அடியிலிருந்த மூட்டைக்குள் செருகினான். ஐஸ் தொட்டித் தண்ணீரில் கரைக்கிற உப்பு அது. அடி மூட்டைக்குக் கை போக ஒரு மாதமாகும்.

மறுநாள் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. உப்பு அடுக்கு இருந்த இடம் கழுவிவிட்டதுபோலக் கிடந்தது.

"தோமஸ்! உப்பு?"

"எல்லாத்தையும் தொட்டிக்க கொட்டியாச்சு."

"எல்லாத்தையுமா? ஆர் செல்லி?"

"தலைவர்தான். பெரிய கலியாண ஓடராம். இண்டைக்கு ஐஸ் கோறையில்லாம இருக்கோணுமாம்." தோமஸ் வெடித்த உள்ளங்கையைத் தோள் சாக்கில் துடைத்தான். உப்புப் பட்டு எரிந்திருக்கவேண்டும். "ஏன் அண்ணன், வீட்டில கறிக்கு உப்பில்லயா?"

நல்லரத்தினம் தொட்டியை எட்டிப் பார்த்தான். கறுத்த உப்புத்தண்ணீர். அதற்குள் எங்கோ அவனுடைய மூன்றாவது பூட்டு ஊறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்துவரும்போது மனதைத் தேற்றிக்கொண்டான். தன்னாலேயே திறக்க ஏலாததை வேறு எவனால் திறக்க ஏலும்? வாசலுக்கு வரும்போது தேறியது போய்ப் பெருமையே வந்துவிட்டது.

"இனி எமன் வந்தாலும் உள்ளுக்குப் போகேலா," என்று பிரஷாந்தியிடம் சொன்னான்.

"நீங்க போகலாந்தானே?"

"நானும் ஏலா. ஒருத்தரும் ஏலா. நேத்து எழுதினது கல்லில வெட்டினமாதிரி அப்பிடியே கிடக்கும்."

பிரஷாந்தி அகப்பையைக் கீழே வைத்தாள். "நேத்து எழுதினீங்களா? எனக்குச் செல்லல்லயே. அதுக்குள்ள ஆர்ர பேர் கிடக்கு?"

"வழமையான ஆள்தான். இந்தமுறை தலைப்பிலயே போட்டன்."

"ஐயோ, கண்ணகை அம்மாளே!" பிரஷாந்தி தலையில் கைவைத்தாள். "திறங்க அத. நான் உள்ளுக்குப் போகோணும்."

"நீ என்னத்துக்கு உள்ளுக்குப் போற?"

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது வாசலில் தலைவரின் பிக்கப் வந்து நின்றது. நல்லரத்தினம் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதிரை ஒன்றை வாசலுக்கு இழுத்தான்.

தலைவர் தனியே வரவில்லை. ஒரு கையில் மகளின் மகளைத் தூக்கியிருந்தார். ஐந்து வயதிருக்கும். வாயோரத்தில் சோற்றுப்பருக்கை காயாமல் ஒட்டியிருந்தது. மற்றக் கையில் போன். முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் கூட இருந்தது.

"வாங்க தலைவர், இருங்க," என்றான் நல்லரத்தினம்.

"இருக்க வரல்ல, தம்பி. உண்ட மனிசிதான் எண்ட மகளுக்கு இதக் காட்டிக்குடுத்த, 'எண்ட புருசன் புள்ளையளுக்குக் காகக் கதை எழுதுறார்' எண்டு. மூணு வருசமா இதச் செல்லித்தான் இவளுக்குச் சோறு தீத்துற. நாந்தான் வாசிச்சுக் காட்டுவன். காகம் மீனக் களவெடுக்கிற, காகம் தராசில ஏறிக் குந்துற, எல்லாம் எனக்கும் புடிக்கும். மத்தாக்கள வேலயால நிப்பாட்டக்குள்ள உன்ன நிப்பாட்டாம விட்டதும் இவள் அழுவாளெண்டுதான்."

நல்லரத்தினம் பிரஷாந்தியைப் பார்த்தான். அவள் கட்டார்ப் போனை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கும் வழமபோல உரத்து வாசிச்சுக்கொண்டு போறன்," என்றார் தலைவர். போனை நல்லரத்தினத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். "எப்பயும் காகம் எண்டு கிடக்கிற இடமெல்லாம் எண்ட பேர் கிடக்கு. பாதிக்கு மேல வாசிச்சாப்பிறகுதான் எனக்கே விளங்கினது. இது என்ன தம்பி, எழுத்துப் பிழையா?"

கிழமைக்குக் கிழமை உள்ளே நுழைந்து, பெயரை அழித்துக் காகம் போட்ட கள்ளன் தன் குசினிக்குள்தான் இருந்திருக்கிறான் என்று இப்போதுதான் விளங்கியது. நல்லரத்தினம் 'ஓம்' என்று சொல்லத் தலையை ஆட்டத் தொடங்கினான். அதற்குள் பேத்தி இரண்டு கையாலும் தலைவரின் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மப்பா, அப்ப இவ்வளவு நாளும் எல்லாரிட்டயும் களவெடுத்த அந்தக் காகம் நீங்களா?"