பெரம்பலூர்க் கடற்படையின் தளபதிகள்

1995 கடைசியில் பெரம்பலூர் தனி மாவட்டமானது. புதிதாகப் பிறந்த மாவட்டத்துக்குச் செய்ய வேண்டிய சடங்குகளில் முக்கியமானது படிவம் நிரப்புதல். மேலிடத்திலிருந்து நாற்பது பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. அதில் பதினேழாம் பக்கம், ஒன்பதாம் கேள்வி: 'மாவட்டத்தில் கடல் உள்ளதா?'

படிவத்தை நிரப்பும் பொறுப்பு விதைப் பிரிவிலிருந்து வந்த அய்யம்பெருமாளுக்குக் கிடைத்தது. 'இல்லை' என்று எழுதிவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் மனசாட்சி உள்ள மனிதர். காரைப் பக்கத்து ஓடைகளில் கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவர். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அவற்றைப் பெட்டி பெட்டியாக அள்ளிப் போனதையும் பார்த்தவர். எனவே, 'உள்ளது, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு' என்று எழுதினார். கட்டம் சிறியது. முதல் சொல் கட்டத்துக்குள் அடங்கியது. மீதி ஓரத்துக்குப் போயிற்று. மேலிடத்தில் படிவத்தைக் கோப்பில் கட்டுவதற்காகத் துளை போட்டபோது பத்துக் கோடி ஆண்டுகளும் துளையோடு போய்விட்டன.

ஆறு மாதத்தில் மாவட்டக் கடற்படைப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. தளபதி ஒருவர், அலுவலக உதவியாளர் ஒருவர், நங்கூரம் ஒன்று, இருபத்து நான்கு அடி நீளத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ஃபைபர் படகு. படகு லாரியில் பெரம்பலூருக்குள் நுழைந்த அன்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டம் நின்றது. சிலர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கடல் உண்டு என்று எழுதியவர் என்ற முறையில் அய்யம்பெருமாளே முதல் தளபதி ஆனார்.

திருமழபாடிக்கு நேரே, கொள்ளிடத்தின் நடுவில், மணல்திட்டு என்று ஓர் ஊர் உண்டு. முப்பது வீடு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் இருக்கும், வழி இருக்காது. அங்கே களை பறிக்கும் குஞ்சம்மாளின் மகள் வெற்றிச்செல்வி திருமழபாடியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வருஷத்தில் மூன்று மாதம் அவளுக்குக் கொள்ளிடமே லீவு விட்டது. அரசாங்கத்திடம் படகு இருக்கிறது என்று கேள்விப்பட்ட குஞ்சம்மாள், இரண்டு பஸ் மாறி, ஒரு திங்கட்கிழமை மனுவோடு தளபதியின் எதிரில் வந்து நின்றாள்.

"எங்க பக்கம் தண்ணி இருக்குங்க. உங்க பக்கம் படகு இருக்கு. ரெண்டும் ஒண்ணு சேந்துட்டா புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிடும்."

"தண்ணியில எறக்குனா படகு நனையும்மா" என்றார் அய்யம்பெருமாள்.

"நனையாத படகு எதுக்குங்க?"

"மேலிடத்துல புதுசாக் குடுத்திருக்காங்க. நாளைக்கி வந்து கேட்டா புதுசாக் காட்டணும். நனைஞ்சதைப் புதுசுன்னு நான் எப்புடிக் கையெழுத்துப் போடுறது? நீயே சொல்லு."

குஞ்சம்மாள் மனுவை நீட்டினாள். மனு பெற்றுக்கொள்ளப்பட்டது.

அலுவலக உதவியாளர் அய்யாக்கண்ணு தினமும் படகைக் காய்ந்த துணியால் துடைத்தார். ஈரத்துணி தடைசெய்யப்பட்டிருந்தது. வருஷக் கடைசியில் கரையோர மாவட்டங்களிலிருந்து அறிக்கைகள் போயின. ஒன்றில் படகு விரிசல், ஒன்றில் இன்ஜின் பழுது, இரண்டில் படகே காணோம். பெரம்பலூர் மட்டும் 'சேதம்: இல்லை' என்று எழுதியது. கடலோரத் தளபதிகளுக்குப் படகுப் பராமரிப்பு கற்றுத்தர அய்யம்பெருமாள் பதவி உயர்வில் தலைநகரம் போனார்.

இரண்டாவது தளபதி செந்தில்குமார் வந்தபோது ஊரெல்லாம் வாஸ்து பரவியிருந்தது. வசதி உள்ளவர்கள் சமையல்கட்டை இடித்தார்கள். இல்லாதவர்கள் வாசல்படியை நகர்த்தினார்கள். கடற்படை மட்டும் பின்தங்கி இருப்பது நன்றாக இல்லை என்று தளபதி ஒரு நிபுணரை வரவழைத்தார். நிபுணர் படகைச் சுற்றி வந்தார். மூக்கு தெற்கே பார்ப்பதைக் கண்டு அவர் முகம் வெளிறியது. சுற்றுச்சுவரில் பத்தடியை இடித்து, முப்பது பேர் பிடித்து, படகை ஈசானிய மூலைக்குத் திருப்பி வைத்தார்கள்.

குஞ்சம்மாள் வந்தாள். மகள் இப்போது ஏழாவது.

"கொள்ளிடம் தெக்க இருக்கும்மா. படகைத் தெக்க திருப்புனா தளபதி உசுருக்கு ஆவாதுன்னு சொல்லிட்டாங்க."

"மூஞ்சி வடக்கயே பாத்துக்கிட்டு இருக்கட்டுங்க. பின்பக்கமாவே ஓட்டிக்கிட்டு வந்துடுங்க."

செந்தில்குமார் இரண்டு நிமிஷம் யோசித்தார். நல்ல யோசனையாகவே பட்டது. ஆகவே அதைத் தொழில்நுட்பக் கருத்துரைக்கு அனுப்பிவைத்தார். கருத்துரை வருவதற்குள் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. படகு திரும்பிய நாளிலிருந்து சரியாக நாற்பத்தெட்டாம் நாள். அதன்பின் வாஸ்துவைப் பற்றி அந்த அலுவலகத்தில் யாரும் சந்தேகம் எழுப்பவில்லை.

2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. உடைமைகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. நான்கு நாற்காலி, ஆளுக்கு இரண்டு. நங்கூரம் பெரம்பலூருக்கு, அதன் சங்கிலி அரியலூருக்கு. அதிலெல்லாம் சிக்கல் இல்லை. படகு ஒன்றுதான் இருந்தது. குழு மூன்று முறை கூடிப் பேசியது. உத்தரவில் சரிபாதி என்று இருக்கும்போது வேறு அர்த்தம் சொல்லக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று முடிவாயிற்று. ஆண்டிமடத்திலிருந்து முந்திரி மரம் அறுக்கும் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் நூல் பிடித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, பன்னிரண்டாவது அடியில் துல்லியமாக அறுத்தார்கள்.

முன்பாதிக்குத் தளபதியாக வைரக்கண்ணு பெரம்பலூரில் அமர்ந்தார். இன்ஜின் உள்ள பின்பாதிக்குத் தளபதியாகப் பெரியசாமி அரியலூரில் அமர்ந்தார். அய்யாக்கண்ணு ஒருவர்தான். காலையில் முன்பாதியைத் துடைத்துவிட்டு, பஸ் ஏறிப் போய், மாலையில் பின்பாதியைத் துடைத்தார்.

"இப்ப ஆறு உங்க மாவட்டத்துல இருக்குங்க" என்று குஞ்சம்மாள் பெரியசாமியிடம் சொன்னாள். "பாதிப் படகாச்சும் உடுங்க."

"இது பின்பாதிம்மா. முன்னால போறதுன்னா முன்பாதி வேணும். பெரம்பலூர்ல போயிக் கேளு."

பெரம்பலூரில் வைரக்கண்ணு இன்னும் அன்பாகப் பேசினார். "ஒக்காரும்மா. முன்பாதி தயாரா இருக்கு. தள்ளுறதுக்கு இன்ஜின்தான் இல்ல. அரியலூர்ல போயிக் கேளேன்."

மறு வருஷமே அரியலூர் மாவட்டம் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டி, மேலே வெள்ளை அடித்தார்கள். படையை இரட்டிப்பாக்கியதற்காகப் பெரியசாமிக்கும், ஒருங்கிணைத்ததற்காக வைரக்கண்ணுவுக்கும் பதவி உயர்வு கிடைத்தது. வெற்றிச்செல்வி அந்த வருஷம் பத்தாவது. கொள்ளிடம் விட்ட லீவுகளைக் கழித்துக்கொண்டு எப்படியோ தேறினாள். பிறகு பன்னிரண்டாவது தேறினாள். டைப்பிங்கும் தேறினாள்.

அப்போது கம்ப்யூட்டர் காலம். அடுத்த தளபதி அறிவரசன் படகைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரையில் நீலமாகக் கடல், அதில் வெள்ளையாகப் படகு, மவுஸை அசைத்தால் படகு அசையும். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்பதால் ஏசி போட்டார்கள். கம்ப்யூட்டருக்குத் துணையாகத் தளபதியும் அந்த அறையிலேயே இருந்தார். குஞ்சம்மாளை அழைத்துத் திரையில் காட்டினார். "பாத்தியாம்மா, தண்ணியில எறக்கிட்டோம்."

"இதுல ஏறுறது எப்புடிங்க?"

"அது அடுத்த கட்டம்."

2005 ஐப்பசியில் வெற்றிச்செல்விக்கு உத்தரவு வந்தது. மாவட்டக் கடற்படையில் தட்டச்சர் பணி. குறிப்பிட்ட நாளில் மாலை ஐந்து மணிக்குள் தளபதி முன் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் உத்தரவு ரத்து. அந்த நாளுக்கு முதல் நாள் கொள்ளிடம் இரு கரையும் தொட்டது. மகள் திட்டில் மாட்டிக்கொண்டாள். அரிசி வாங்க வந்த குஞ்சம்மாள் திருமழபாடிக் கரையில் மாட்டிக்கொண்டாள். விடிந்ததும் பெரம்பலூருக்கு ஓடினாள்.

"நீங்கதான் வரச் சொல்லியிருக்கீங்க. அவ வர்றதுக்கு நீங்கதான் படகு உடணும்."

அறிவரசன் உத்தரவின் நகலை எடுத்துப் பார்த்தார்; அப்படித்தான் இருந்தது. தவிர, டிவிக்காரர்கள் வெள்ளத்தைப் படம் பிடிக்கத் திருமழபாடிக்குப் போயிருப்பதாகத் தகவல் வந்திருந்தது. படகு லாரியில் ஏறியது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அது தண்ணீரைப் பார்த்தபோது மணி மூன்று.

கரையில் தளபதிக்கு ஒரு சந்தேகம். "இது கடற்படைப் படகு. கடல்ல மட்டும்தான் எறக்கலாம்னு விதி. ஆறு வேற துறையாச்சே?"

"இம்மாந் தண்ணி கெடக்கு, கடலா ஆறான்னு என்னங்க பேச்சு?" என்றாள் குஞ்சம்மாள்.

"சோதிச்சுப் பாத்துடுவோம். அய்யாக்கண்ணு, ஒரு வாய் குடிச்சுப் பாரு. உப்பு இருந்தாக் கடல்."

அய்யாக்கண்ணு ஒரு கை அள்ளிக் குடித்தார். கரையில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் குஞ்சம்மாளைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக அந்த அம்மாளிடம் மனு வாங்கி அடுக்கியவர் அவர்தான்.

"கரிக்குதுங்க சார்" என்றார்.

அங்கேயே, குடையின் கீழ், 'திருமழபாடிக்குத் தெற்கே இருப்பது கடல்' என்று தளபதி சான்றிதழ் எழுதி முத்திரை வைத்தார். படகு இறங்கியது. முப்பதடி போனது. அறுத்தவர்கள் துல்லியமாக அறுத்திருந்ததால் படகும் துல்லியமாக அதே கோட்டில் பிரிந்தது. அய்யாக்கண்ணு இருந்த பின்பாதி இன்ஜினோடு வட்டமடித்துக் கரையில் ஏறியது. தளபதி இருந்த முன்பாதி ஈசானிய மூலையை நோக்கிப் புறப்பட்டது.

திட்டிலிருந்து வாழைமரத் தெப்பம் ஒன்று வந்து அவரைப் பிடித்தது. உயிருக்கு ஆபத்து என்றால் திட்டு ஆட்கள் எப்போதும் அப்படித்தான் கடப்பார்கள். படிப்புக்காகக் கடக்க யாரும் விட்டதில்லை. தெப்பத்தில் துடுப்பு போட்டவன் ஒருவன், இன்னொரு ஆள் வெற்றிச்செல்வி. அவள் பாலிதீன் பையில் சுற்றிய உத்தரவை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"வணக்கம் சார். பணியில சேர வந்திருக்கேன்."

நனைந்த தளபதி தெப்பக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ஆபீசுக்கு வந்து சேரும்மா."

"தளபதி முன்னாலன்னுதான் சார் போட்டிருக்கு. மணி நாலே முக்காலு."

துடுப்பு போட்டவன் திரும்பினான். "சார், சீக்கிரம் கையெழுத்தப் போட்டுடுங்க. முன்னால சுழி வருது. புடிச்சுக்க ரெண்டு கையும் வேணும்."

அறிவரசன் கையெழுத்துப் போட்டார். 'பணியில் சேர்ந்த இடம்' என்ற கட்டத்தில், வேறு எதுவும் தோன்றாமல், 'நடுக்கடல்' என்று எழுதினார். கடலில் கப்பலை இழந்து உயிரோடு திரும்பிய தளபதி என்று டிவியில் காட்டினார்கள். அவர் எவ்வளவு மேலே போனார் என்பது நமக்குத் தெரியாது. அவ்வளவு மேலே.

குஞ்சம்மாளுக்கு அப்போது தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் மனுக்களில் ஒன்று வழி தவறி வேறொரு துறைக்குப் போய், அங்கே யாரோ அதைப் படித்து, மணல்திட்டுக்குப் பாலம் கட்டவே முடிவு செய்திருந்தார்கள். கடைசியாகக் கடற்படையிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கேட்டார்கள். விதிப்படி, அது கடல் என்ற சான்றிதழின் நகல் இணைத்து அனுப்பப்பட்டது. பதில் உடனே வந்தது: 'எங்களுக்கு ஆற்றின் குறுக்கே பாலம் கட்டத்தான் அதிகாரம். கடலின் குறுக்கே இல்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.' இணைப்புக் கடிதத்தை ஒரு பிழை இல்லாமல் டைப் அடித்தவள் வெற்றிச்செல்வி.

2007 கடைசியில் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. வெள்ளம் வடிந்தபின் முன்பாதியும் கரை ஒதுங்கியிருந்ததால், இம்முறை அறுக்க வேண்டிய வேலை இல்லை. படை ஏற்கெனவே இரண்டாக இருந்ததை மேலிடம் தொலைநோக்கு என்று பாராட்டியது. பின்பாதிக்குத் தளபதியாக வர அதிகாரிகள் யாரும் முன்வராததால், இருந்த இரண்டு ஊழியர்களில் பதவியில் பெரியவர் என்று வெற்றிச்செல்விக்குப் பொறுப்பு கொடுத்தார்கள்.

பாலத்துக் கோப்பு மூடிய கதை அதற்குள் குஞ்சம்மாள் காதுக்கும் எட்டியிருந்தது. திங்கட்கிழமை மனுவோடு வந்தாள்.

"ஏ புள்ள, கொள்ளிடம் ஆறுதான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுடி. பாலம் வந்துடும்."

"எம்மா, ஆபீஸ்ல டி போட்டுப் பேசாத." வெற்றிச்செல்வி எழுந்து கதவைச் சாத்தினாள். "ஆறுன்னு எழுதுறேன். எழுதுனா மாவட்டத்துல கடல் இல்ல. கடல் இல்லன்னா கடற்படை இல்ல."

"இல்லாட்டிப் போவுது."

"கடற்படை இல்லன்னா நான் இல்ல. அய்யாக்கண்ணு அண்ணன் இல்ல."

அய்யாக்கண்ணு டீ கொண்டு வந்து வைத்தார். "குடிங்கக்கா" என்றார். குஞ்சம்மாள் டீயைக் குடித்தாள்.

"மேலேருந்து குழு வருது" என்றாள் மகள். "கரையில இருக்குறவங்கள்ட்ட கடலா ஆறான்னு கேப்பாங்க. ஒனக்கு என்ன தோணுதோ சொல்லிக்க."

குழு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடல் என்பதால் குடும்பத்தோடு வந்தது. சான்றிதழ் செய்தி டிவியில் வந்த நாளிலிருந்தே திருமழபாடியில் ஞாயிறு என்றால் கூட்டம்தான். வாலிகண்டபுரத்திலிருந்து வேன் போட்டு வருகிறார்கள். குதிரை சவாரி, பலூன் சுடுதல், மிளகாய் பஜ்ஜி எல்லாம் மணல்திட்டு ஆட்கள் நடத்துவது. குஞ்சம்மாள் களை பறிப்பதை விட்டு ஒரு வருஷமாகிறது. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கிறாள்.

குழு ஒவ்வொருவரையும் ஒரு கை அள்ளிக் குடிக்கச் சொன்னது. குதிரைக்காரன் கரிக்கிறது என்றான். பலூன்காரன் கரிக்கிறது என்றான். கடைசியில் குஞ்சம்மாள் சுண்டல் தூக்கை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீரை அள்ளினாள். கையில் வைத்துக்கொண்டு எதிரே திட்டைப் பார்த்தாள். அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. பாலத்துக்காக நட்ட அளவுக்கல் ஒன்று தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பின்பாதிப் படகுக்குப் பக்கத்தில், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, தளபதி நின்றாள்.

குஞ்சம்மாள் குடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க" என்றாள்.

என்னையும் கேட்டார்கள். நான் வீட்டாரோடு பெரம்பலூரிலிருந்து போயிருந்தேன். பையன் குதிரைமேல் இருந்தான். மனைவி கையில் சுண்டல் பொட்டலம். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கரிக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் கடல் எப்படி என்று விசாரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அலைதான் கொஞ்சம் கம்மி."