சரி என்று அமுக்கினாள்

கணினித் திரை நீலமாகி இருபது நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் கவிநிலா மேசையை மூன்று முறை துடைத்துவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, புதுப்பிக்கட்டுமா என்று கேட்டது. சரி என்று அமுக்கினாள். மீண்டும் தொடங்கட்டுமா என்றது. அதற்கும் சரி. கவிநிலாவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கணினியிடம் மட்டும் எப்படிச் சொல்வாள்?

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த விடுதியின் வரவேற்பு மேசைக்கு அவள் வந்து மூன்று வாரம் ஆகிறது. படித்தது தாவரவியல். அன்று பௌர்ணமி, மலை சுற்ற வரும் கூட்டத்தால் ஊரே நிரம்பும் நாள். இருபத்திரண்டு அறைகளில் யாருக்கு எது என்பதெல்லாம் கணினிக்குள் இருந்தது. இரண்டு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். இந்த வேலை போனால் ஆரணி மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவள் ஒரு நாளும் தாமதமாக வேலைக்கு வந்ததில்லை.

கணினியை விற்ற இளவரசனைப் போனில் பிடித்தாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர் வரமாட்டேங்குது."

"எதையாச்சும் அமுக்கினியாம்மா?"

"லேசா."

"பவர் பட்டனை அமுக்கிப் புடி. அணைஞ்சதும் மறுபடி போடு."

திரையில் 'அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. ஆனால் அண்ணன் சொல்லிவிட்டாரே. அமுக்கிப் பிடித்தாள். மறுபடி போட்டதும் நீலம் போய், கறுப்பில் ஒரு நீளக் கட்டம் வந்தது.

"அண்ணா, இப்ப நாப்பத்தெட்டு நம்பர் கேக்குது."

வண்டிச் சத்தத்துக்கு மேல் இளவரசன் கத்தினான்.

"அது பூட்டிக்கிச்சு. அந்த நம்பர் இல்லாம நான் இல்ல, யார் வந்தாலும் தொறக்க முடியாது. என் மெயில்ல இருக்குதான்னு பாக்கறேன். வேற எதையும் தொடாத. நான் வேங்கிக்கால்ல மாட்டிக்கினு இருக்கேன், ரோடு பூரா தடுப்பு. நடந்தாவது வந்துடறேன்."

போனை வைக்கும்போது ஆறாம் அறை ஹெல்கா அம்மையார் வெறுங்காலோடு படி இறங்கினார். கையில் ருத்திராட்சம், உதட்டில் முணுமுணுப்பு. தினமும் காலையில் மலை சுற்றக் கிளம்பிவிடுவார். கவிநிலாவைப் பார்த்ததும் நின்று, குனிந்து கும்பிட்டார்.

அதுவும் ஒரு தலையாட்டலின் விளைவுதான். அவள் வேலைக்கு வந்த முதல் நாள் அம்மையார் மேசைப் பக்கம் கைகாட்டி ஏதோ கேட்டார். அந்த இங்கிலீஷ் அவளுக்குப் பிடிபடவில்லை. தலையாட்டினாள். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆட்டினாள். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கும்பிடு.

"உன்ன பெரிய ஆளுன்னு நெனச்சிக்கினு இருக்குது அந்தம்மா," என்றாள் படியைப் பெருக்கிக்கொண்டிருந்த சரசு. பத்து வருடமாக அறை பெருக்குகிறவள். எந்த நாட்டுக்காரர் பேசும் இங்கிலீஷும் அவளுக்குப் புரியும்.

பத்தரைக்கு முதலாளி கண்ணாயிரம் வந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

கவிநிலா திரையைக் காட்டினாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, சுவரைப் பார்த்தார்.

அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் எந்திரம் தொங்கியது. கட்டம் கட்டமாக எண்கள், மூலைக்கு மூலை குங்குமம். பழைய மேனேஜர் பிரகாஷ் வேலையை விட்டுப் போனபோது சுவரில் ஒட்டியபடி இருந்த காகிதம். எந்தச் சாமியார் கொடுத்ததோ என்று கண்ணாயிரம்தான் சட்டம் போட்டு மாட்டினார். அந்த மாதமே எல்லா அறையும் நிரம்பியது. வேலை தொடங்குமுன் அதைக் கும்பிட வேண்டும் என்பது விடுதியின் விதி. கும்பிடும்போது கவிநிலா கண்ணை மூடிக்கொள்வாள்.

"நேத்து வரைக்கும் ஓடின பொட்டி, எந்திரத்துக்கு நேர் கீழயே படுத்துக்கிச்சுன்னா இன்னா அர்த்தம்?"

"தெரியல சார்."

"சக்தி கம்மியாயிடுச்சுன்னு அர்த்தம்."

ஸ்டூலில் ஏறி அவரே கழற்றினார். காகிதத்தை உருவி, வாழையிலையில் மடித்து, மஞ்சள் தெளித்தார். சட்டம் புதுசுக்கு ஆகும் என்று ஓரமாக வைத்தார்.

"சக்தி போனத உள்ள வச்சிருக்கக் கூடாது. கொளத்துல விட்டுட்டு வந்துடறியாம்மா? பிரிச்சுப் பாக்காத. திரும்பியும் பாக்காத."

கவிநிலா தலையாட்டினாள்.

கூட்டத்தை முட்டி மோதிக் குளத்துக்குப் போய், இலையைத் தண்ணீரில் விட்டு, சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வருவதற்குள் சுவரில் புதுச் செப்புத் தகடு ஏறியிருந்தது. கண்ணாயிரம் கற்பூரம் காட்டினார். கணினி அப்போதும் நாற்பத்தெட்டு எண்களையே கேட்டது.

ஒரு மணிக்கு இளவரசன் சட்டை நனைய வந்து சேர்ந்தான்.

"மெயில்ல இல்லீங்க. ஆனா பயப்பட வேணாம். இப்படி ஆகும்னுதான் அன்னிக்கே கட்டம் போட்டு பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். வரிசைக்கு ஆறு நம்பர், எட்டு வரிசை. மேசைக்கு மேலயே ஒட்டுங்கன்னு பிரகாஷ்கிட்ட சொன்னேன்." அண்ணாந்து பார்த்தான். "இங்கதானே இருந்துச்சு?"

கண்ணாயிரம் செப்புத் தகட்டைப் பார்த்தார். கவிநிலா தன் விரலில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள்.

"கொளத்துல..." என்றாள்.

"எந்தக் கொளத்துல?"

அவள் சொன்னாள். இளவரசன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அது சாதா மைம்மா. இந்நேரம் மீனுக்குத்தான் தெரியும்."

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பெட்டிகளோடு ஒரு குடும்பம் இறங்கத் தொடங்கியது. இரண்டு மணி என்று சொன்னவர்கள் ஒன்றேகாலுக்கே வந்துவிட்டார்கள். கண்ணாயிரத்தின் குரல் இறங்கியது.

"மொதல்ல இந்தப் பொட்டியில எதையோ அமுக்குனது யாரு? நீயா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லை என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் தலை பழக்கப்படி ஆடிவிட்டது.

"நாளைலேர்ந்து வர வேணாம்மா."

"சரி சார்."

கைப்பையை எடுத்தாள். ஆரணி மாப்பிள்ளை போட்டோவில் சிரித்த சிரிப்பு கண்முன் வந்தது. வாசல்படியைத் துடைத்துக்கொண்டிருந்த சரசு, வழி விடாமல் நிமிர்ந்தாள்.

"அந்த நம்பருக்கா இவ்ளோ பேரும் எழவு வுழுந்த மாதிரி நிக்கறீங்க? இது மந்திரமா, மலை சுத்தறப்ப சொல்லலாமான்னு ஆறாம் ரூம் அம்மா கேட்டதுக்கு இந்தப் பொண்ணுதான தலையாட்டுச்சு, அன்னிக்கே எழுதி மனப்பாடம் பண்ணி தெனம் நூத்தியெட்டு தபா சொல்றாங்க, கேட்டுக் கேட்டு எனக்கே மொத மூணு வரிசை வரும்."