லா சப்பலில் ஒரு பார்சி ராணி

பெண் வீட்டாரைச் சந்திக்கப் போகும் மாப்பிள்ளைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போவார்கள். நான் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பகலில், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரெஞ்சு நகர்ப்பகுதியான லா சப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் வேலை. மாலையில் நாடக ஒத்திகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெள்ளைக்காரன் ஆண்ட யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் வந்திறங்கிய ஒரு பார்சி நாடகக் கொம்பனியின் கதை. அந்தக் கொம்பனியில் பெண் வேஷமும் ஆண்களுக்குத்தான். அது தெரியாத வெள்ளைக்காரத் துரை, மேடையில் கண்ட ராணியைக் காதலித்துவிடுகிறார். துரை நான். (அதற்கென்றே மூன்று மாதம் மீசை வளர்த்தேன்.) ராணி, புறநகர் கூசேன்வில்லிலிருந்து ரெயிலில் வரும் யூட்.

அந்த நேரத்தில்தான் ரெஜினாவை எனக்குப் பேசினார்கள். "போட்டோவை நம்பேலாது. நாடகத்தில துரையா வாறவரை நேர பாத்திட்டுச் சொல்லுறன்" என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார்.

ஞாயிறு பிற்பகல். திரை விலக அரை மணி நேரம் இருக்கையில் எங்கள் நெறியாளர் சேவியர் அண்ணை ஓடிவந்தார்.

"யூட் வந்த ரெயில் நடுவழியில நிண்டிட்டுது. நீதான் ராணி."

"அண்ணை, பொம்பிளை வீட்டுக்காரர் முன்வரிசையில இருக்கினம்!"

"இருக்கட்டும். ராணியின்ர வசனம் உனக்குத்தான் பாடம். துரையை நான் பாக்கிறன்."

சபையிலிருந்து பிடித்துவந்த ரூ பெர்தொனே சலூன்காரர், மூன்று மாத மீசையை முப்பது விநாடியில் முடித்துவைத்தார். ஜாக்கெட்டுக்குள் இரண்டு தோடம்பழங்கள் (ஆரஞ்சுதான்) இடம்பிடித்தன.

முதல் இரண்டு காட்சிகளில் கைதட்டல் பறந்தது. நான் அழகிதான் என்று நானே நம்பத் தொடங்கினேன். மூன்றாவது காட்சியில் துரை முழங்காலிட்டுக் காதலைச் சொல்ல, ராணி வெட்கப்பட்டு ஓடவேண்டும். சேவியர் அண்ணை நூறு கிலோ. அவர் முழங்காலிட்டது என் சேலையின் மேல். நான் ஓடினேன்; சேலை அங்கேயே நின்றுவிட்டது.

பாவாடையும் ஜாக்கெட்டுமாக நான் திகைத்து நிற்க, முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் பாய்ந்து மேடையேறினார். தன் குளிர் கோட்டைக் கழற்றி என்னைப் போர்த்தினார். பிறகு சேவியர் அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"ஐம்பது வயசில இளந்தாரிப் போட்டோ அனுப்பினதும் காணாதெண்டு, ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர சீலையையும் உரியிறீரோ? உமக்கு என்ர மகளைத் தரமாட்டன்!"

(துரைதான் மாப்பிள்ளை என்று அவருக்குச் சொல்லியிருந்தது அல்லவா!)

என் தலையை அன்போடு தடவினார். "அழாத பிள்ளை, நான் நிக்கிறன்." தடவிய கையோடு என் கொண்டை போய்விட்டது. ஒரு தோடம்பழம் அவருடைய சப்பாத்தருகே உருண்டு நின்றது.

"தம்பி... நீர் ஆர்?"

"நான்தான் மாமா, மாப்பிள்ளை."

சபை வெடித்துச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் விடச் சத்தமாக ஒரு பெண் சிரித்தாள். அது ரெஜினா.

மேடைக்குப் பின்னால் ஒளிந்து, எந்த நாட்டுக்கு ஒருவழி டிக்கெட் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள்.

"அப்பா கோட்டைக் கேக்கிறார்."

கொடுத்தேன். "அவர் என்ன சொல்லுறார்?"

"யோசிக்கிறார். நான் யோசிச்சு முடிச்சிட்டன்."

மாமாவுக்கு ரெஜினா ஒரே பிள்ளை, மகன்மார் இல்லை. ஆனாலும் லா சப்பலில் யாரைக் கண்டாலும், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு இன்றைக்கும் அவர் அறிமுகம் செய்வது இப்படித்தான்:

"இவதான் என்ர மருமகள்."