செத்தவருக்கு நான் கொடுத்த தம்பி

இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் பேச்சும் புரியும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்பினார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. நானும் அதையே நம்பியதுதான் தப்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறி, ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடாத முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கருங்கல் என்ற ஊர்ச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல். நான் பள்ளியிறுதியான ஆறாம் பாரம் பாஸான நாளிலிருந்து, யார் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துள்ள மருந்துக் குப்பி இருந்தாலும் அப்பா அதை வாங்கி வந்து என் முன்னால் வைப்பார். நான் புருவத்தைச் சுருக்கி வாசித்து, "இது வயிற்று வலிக்கு" என்பேன். (பாதிக் குப்பிகளில் கம்பெனிப் பேரும் சீமையில் ஏதோ ஓர் ஊர்ப் பேரும்தான் இருக்கும். என் பேச்சைக் கேட்டுக் குடித்தவர்கள் ஒருவரும் சாகவில்லை. கடவுள் பெரியவர்.)

என்னுடைய இங்கிலீஷ் முழுவதும் பாடப் புத்தகத்திலிருந்து வந்தது அல்ல. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்ற அத்தான், ஊருக்கு வரும்போதெல்லாம் படக்கதைப் புத்தகங்கள் கொண்டு வருவார். பக்கத்துக்கு ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு குத்து. துப்பாக்கி, கள்ளக் கையெழுத்து, கதவுக்குப் பின்னால் நீளமான நிழல். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் அவற்றைப் படித்த சிரத்தையில் கால்பங்கைக் கணக்குப் பாடத்தில் காட்டியிருந்தால், இரண்டாம் தடவை பரீட்சை எழுத வேண்டியிருந்திருக்காது. குற்றவாளிகளைப் பற்றி அவற்றிலிருந்து சில உறுதியான முடிவுகளுக்கு வந்திருந்தேன். தொப்பியைச் சாய்த்து வைத்திருப்பவன் கொலைகாரன். மெலிந்த மீசை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம் அது. நல்லவேளை, அடிதடிப் படத்துக்கு ரேஷன் இல்லை. அறுவடை முடிந்த வயலில் தங்கையன் என்பவர் ஓலைக் கொட்டகை போட்டு சினிமா காட்டினார். இங்கிலீஷ் சண்டைப் படம் வந்தால், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கோடு உட்கார்ந்து தமிழில் கதை சொல்லுவார். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை.

ஆனால் அந்த வருஷம் நான் கொட்டகைக்குப் போவதை மறைக்க வேண்டியிருந்தது. ஊரில் இருந்த சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். பள்ளி மேனேஜர் ஞானாபரணம் ஐயா சினிமாவைப் பாவங்களின் பட்டியலில் மேலே வைத்திருந்தவர். மனுவை வாங்கும்போதே கேட்டார்:

"கொட்டகைக்குப் போற சீலம் உண்டுமா?"

"கொட்டகை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது ஐயா."

(முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்திருந்த மணல் அப்போதும் என் வேட்டி மடிப்பில் இருந்தது.) திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். அந்த வேலை கிடைத்தால் எங்கள் குடும்பத்தில் முதல்முதலாக ஒருவன் தலையில் குலை சுமக்காமல் சம்பாதிப்பான். கிடைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை சந்தைக்கு அப்பாவோடு நான் போக வேண்டும். இதை அப்பா வெளிப்படையாகச் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு சும்மாடு மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கையன் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளே, கதை சொல்லுகவனுக்கு மஞ்சக்காமாலை. இன்னைக்குப் படம் முழுக்க இங்கிலீஷாக்கும். நீ வந்து ரெண்டு வாக்கு சொன்னா மதி."

நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொல்லிவிட்டார். "வருவான். ஆறு பாரம் படிச்சவன் ஊருல இருக்கும்பம், மனுசன் ஊமைக் கூத்தா பாக்கணும்?"

தங்கையனைத் தனியாக மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணே, திங்களாழ்ச்ச மேனேஜரைப் பாக்கணும். கொட்டகையில என் முகத்தை யாரும் கண்டா என் காரியம் தீந்துது."

"நீ திரைக்குப் பொறத்த இரி. ஒரு காக்காயும் உன்னைக் காணாது."

"படத்துல என்ன உண்டும்?"

"மூணு கொலை. ரெண்டு காரு கவுருது. கடைசியில கால் மணிக்கூறு அடி."

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு மைக். பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டி. பின்னாலிருந்து பார்த்தால் துணி வழியாகப் படம் நன்றாகத் தெரிந்தது, ஆனால் இடம் வலமாக. படத்தின் பேரே திரும்பி நடக்கும் எறும்பு வரிசைபோல் ஓடியது. வாசிக்கத் தெரிந்த இங்கிலீஷும் அதோடு போயிற்று. மிச்சமிருந்தது கேட்கத் தெரியாத இங்கிலீஷ்.

பேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கையன் மைக்கை வாங்கி அறிவித்தார்: "ஆறாம் பாரம் பாஸ் செய்த, நம்ம வாழைக்குலை வியாபாரி மகன் பொன்னையன் அவர்கள் இன்று கதை விளக்குவார்." (முகத்தைத்தானே மறைக்கச் சொன்னாய், பேரைச் சொல்லக் கூடாது என்று சொன்னாயா என்று பிறகு கேட்டார். நியாயம்தான்.)

திரையில் ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கடைசியில் சொன்னேன்: "அந்த அம்மா கேட்கிறார், வருகிறாயா? இவர் சொல்கிறார், இல்லை."

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கடியப்பட்டணத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வரும் வறுவேல் அண்ணன்.

"ஓய், இத்தற நேரம் பேசுனது இம்புட்டுதானா?"

அதிலிருந்து நான் கஞ்சத்தனம் காட்டவில்லை. யார் வாயைத் திறந்தாலும் அவருக்குத் தாராளமாக வசனம் கொடுத்தேன். தொப்பியைச் சாய்த்து வைத்து, மெலிந்த மீசையோடு ஒருவன் வந்ததும் எனக்குத் தெம்பு வந்தது. "பார்த்துக்கொள்ளுங்கள். இவன்தான் கொலைகாரன்." தடித்த பணக்காரர் ஒருவர் சுடப்பட்டு மாடிப்படியில் உருண்டார். "இத்துடன் முதலாளியின் ஆயுள் முடிந்தது" என்று கனத்த குரலில் சொன்னேன். இரண்டு பெண்கள் உச்சுக் கொட்டியது எனக்கே கேட்டது.

ரீல் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டு மறுபடியும் அணைத்தார்கள். அடுத்த ரீலில் அந்த முதலாளி உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

(மெஷின்காரர் நாலாவது ரீலை மூன்றாவதாக ஓட்டி, மூன்றாவதை இப்போதுதான் ஏற்றியிருக்கிறார். இது மறுநாள்தான் எனக்குத் தெரியும்.)

வறுவேல் அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "செத்தவனாக்கும் முட்டை திங்குகான். என்ன ஓய் இது?"

"இது அவருடைய தம்பி" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வாய் சொல்லிவிட்டது. "உருவத்தில் ஒன்றுபோல் இருப்பார். அண்ணன் ரத்தத்துக்குப் பழி வாங்காமல் விடமாட்டேன் என்று இப்போது சபதம் செய்கிறார்."

ஏற்றுக்கொண்டார்கள். நான் மூச்சு விடுவதற்குள், செத்தவரின் மனைவி உள்ளே வந்து அந்தத் தம்பியின் மடியில் உட்கார்ந்து முத்தம் கொடுத்தாள்.

"அண்ணன் செத்து அரை மணிக்கூறு ஆவல்லியே" என்றாள் ஒரு கிழவி. "கட்டையில போவான்."

அவசரமாக அந்த அம்மாளுக்கு ஒரு தங்கையைப் பிறப்பித்தேன். அண்ணனும் தம்பியும் இரட்டை. அக்காளும் தங்கையும் இரட்டை. இரண்டு கல்யாணமும் ஒரே பந்தலில். பத்து நிமிஷம் கழித்து அதே தொப்பிக்காரன் கோட்டைத் திறந்து போலீஸ் வில்லையைக் காட்டினான். கொட்டகையே கைதட்டியது. வேறு வழியில்லாமல், "கொலைகாரன் போலீஸில் சேர்ந்துவிட்டான்" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் இதை மட்டும் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

மற்றதையெல்லாம் ஆட்சேபித்தார்கள். "பொய்யாக்கும் சொல்லுகான்" என்றார் வறுவேல் அண்ணன். "எனக்கக் கண்ணால நான் காணுகேன்ல்லா?"

அப்போது அப்பாவின் குரல் எழுந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகக் கொட்டகைக்கு வந்து, முன்வரிசை மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"படிச்சவன் சொல்லுகான், கேட்டுட்டு இரியும். உமக்கக் கண்ணு எந்த பாரம் படிச்சிருக்கு?"

வறுவேல் அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு திரும்பவும் திரையைப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் சண்டை வந்துவிட்டது. தொப்பிக்காரனும் நாலு முரடர்களும், ஒரு குடோனில், மரப்பெட்டிகளுக்கு நடுவே. நான் கதை சொல்ல வந்தவன் என்பது எனக்கு மறந்துபோயிற்று. இரண்டு நிமிஷத்துக்கு முன் கொலைகாரன் என்று நான் சாதித்தவன் பக்கமே சேர்ந்துகொண்டு, "விடாதே, இடது கையால் போடு, பின்னால் ஒருத்தன் வருகிறான், திரும்பு" என்று மைக்கில் கத்தினேன். அவன் திரும்பவில்லை. நான் எழுந்து, பின்னால் வந்தவன் தாடையைப் பார்த்து ஒரு குத்து விட்டேன்.

குத்து நன்றாகத்தான் விழுந்தது. துணி கிழிந்தது. துணியோடு என் கை அந்தப் பக்கம் போயிற்று, கையோடு நான் போனேன், மூங்கில் சட்டம் சாய்ந்தது. எழுந்து பார்த்தால் மைக்கும் கையுமாக முந்நூறு பேர் முன்னால் நிற்கிறேன். என் வெள்ளைச் சட்டைமேல் சண்டை நடந்துகொண்டிருந்தது.

கொட்டகைக்கு வெளியே ஓடிவந்தபோதுதான் உண்மையான ஆபத்தைக் கண்டேன். சாலையிலும் வரப்பிலும் சனம் கூட்டமாக நின்றிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். தென்னை மரத்தில் கட்டியிருந்த கோளாம்பி ஒலிபெருக்கியை, படம் தொடங்குமுன் பாட்டுப் போட்டதோடு நிறுத்த மறந்திருக்கிறார்கள். நான் சொன்னதெல்லாம் அரை மைலுக்குக் கேட்டிருக்கிறது. கொட்டகையிலிருந்து நாலாவது வீடு மேனேஜர் வீடு. சனிக்கிழமை அங்கே ஜெபக்கூட்டம்.

திங்கட்கிழமை போகவே வேண்டாம் என்றிருந்தேன். அப்பா சட்டையைத் தேய்த்துக் கொண்டு வந்து கொடுத்தார். போனேன்.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கொட்டகை எந்தப் பக்கம்னு இப்பம் தெரியுமா?" என்றார்.

"தெரியும் ஐயா."

"அன்னைக்கு எங்கிட்ட சொன்னது?"

"பொய் ஐயா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு கதவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தம்பி பழி வாங்கினானா, இல்லியா? இடையில என்னமோ கிழிஞ்ச சத்தம் கேட்டுது, பின்ன ஒண்ணும் கேக்கல்ல. ஜெபத்துக்கு வந்த சனம் ஆமென் சொல்லியும் எழும்பல்ல."

திரையைப் பார்த்தவர்களுக்குத்தான் என் கதை பொய். கேட்டவர்களுக்கு அதில் ஓட்டையே தெரியவில்லை. நின்றபடியே முடிவைச் சொன்னேன். தம்பி பழி வாங்கினார். பிறகு மனம் திருந்தி அண்ணன் பேரில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். (ஆஸ்பத்திரி மேனேஜருக்காக.) அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இங்கிலீசும் கோளாம்பியில கேட்டுதுவே. அந்த ஆளு முட்டை சரியா வேகல்லன்னாக்கும் சொன்னான். நீரு ரத்தப் பழின்னீரு. உம்மை இங்கிலீசு எடுக்க விட்டா பிள்ளைகளு கெட்டுப் போகும். சரித்திரம் எடும். அதுல செத்தவன்தான் எல்லாம். எவனும் எழும்பி வந்து முட்டை திங்க மாட்டான்."

வீட்டுக்கு ஓடிவந்து, வேலை கிடைத்துவிட்டது என்றேன். அம்மா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளும் வீட்டிலிருந்தே முழுக்கக் கேட்டவள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "மக்கா, இது நடந்ததாக்குமா, நீ சொல்லுகதாக்குமா?"

ஆறு வருஷமாகச் சரித்திரம் நடத்துகிறேன். வீட்டில் இன்னும் அந்தக் கேள்வி போகவில்லை. மழை வருகிறது என்றால் கேட்பார்கள்; பஸ் போய்விட்டது என்றால் கேட்பார்கள். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, எனக்கு மகன் பிறந்திருக்கிறான் என்று வாசலில் நின்று சொன்னேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா, கொழும்பிலிருந்து வந்திருந்த அத்தான், ஒரு காலத்தில் எனக்காகக் கொட்டகையோடு சண்டைக்கு நின்ற அப்பா, மூன்று பேரும் ஒரே குரலில் அதையே கேட்டார்கள். பிறகு அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எதுக்கும் நான் ஒருதரம் போய்க் கண்டுட்டு வாறேன்" என்று கிளம்பினார்.