லைவ்ல மாத்து, செல்வக்குமாரு!

பத்து நிமிடமாகக் கம்ப்யூட்டர் திரையில் மணல் கடிகாரம் கவிழ்வதும் நிமிர்வதுமாக இருந்தது. பின்னால் முதலாளி வெள்ளையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"ஏப்பா செல்வக்குமாரு, இன்னைக்கு எத்தனை பீஸ் தைச்சிருக்குதுன்னு காட்ட இத்தனை நேரமா?"

"லைவ்ல இருக்குதுங்க. தையல் செக்சன்ல இருந்து சர்வருக்கு ஏத்துற கணக்கை, ஒவ்வொரு தடவையும் புதுசா எடுத்துட்டு வரோணுமுங்க."

"பதினோரு மணிக்குச் சென்னையில இருந்து, ஆர்டர் குடுக்குற பையிங் ஆபீஸ் மேடம் வராங்க. இந்த ரிப்போர்ட்டு சாப்ட்வேரு வேணும்னு போன வாரம் ஒத்தக்கால்ல நின்னது நீதான். அவிய முன்னால மானம் போச்சுன்னா, நாளைக்கே ஊத்துக்குளிக்குப் போய் எருமை மேய்க்கலாம் கண்ணு."

ஊத்துக்குளியில் செல்வக்குமாரின் அப்பாவிடம் நிஜமாகவே நான்கு எருமைகள் இருந்தன. அதனால் மிரட்டல் நன்றாகவே உறைத்தது.

ரிப்போர்ட்டை ஆஃப்லைனுக்கு மாற்றினான். இனி அது சர்வரைத் தேடி ஓடாது. நேற்று எடுத்து வைத்த நகலையே காட்டும். சொடுக்கியதும் திறந்துகொண்டது.

"அடேயப்பா!" என்று குனிந்த முதலாளியின் முகம் கறுத்தது. இன்று தைத்தது: பூஜ்யம்.

"அது நேத்து எடுத்த நகலுங்க..." என்று இவன் வாயைத் திறப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். கீழே அவர் போட்ட கூச்சல் மாடிவரை கேட்டது.

"மூணு மணி நேரமா முதுகொடியத் தைக்கிறோம், பூஜ்யமா?" என்று டெய்லர் வீரணன் எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். அறுபது மெஷினும் கப்சிப்.

அந்த நேரம் பார்த்தா வாசலில் கார் வந்து நிற்க வேண்டும்! செல்வக்குமார் மவுஸைப் பாய்ந்து பிடித்தான். மூன்று மணி நேர வேலையாவது தெரியட்டும் என்று மறுபடி லைவுக்கே மாற்றினான். மறுபடி மணல் கடிகாரம்.

முதலாளியோடு சித்ராதேவி மேடம் மாடியேறி வந்து உட்காரவும் ரிப்போர்ட் திறக்கவும் சரியாக இருந்தது. டார்கெட்: 4,800. இன்று தைத்தது: 4,800.

"பதினோரு மணிக்கே முடிச்சாச்சா? அதான் கீழே மெஷினெல்லாம் நிறுத்தியிருக்கா! சார், ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா நீங்க கேட்ட ரெண்டு மாசம் எதுக்கு? ஒரே மாசத்துல அனுப்பிடுங்க."

"தாராளமா அனுப்பிப்போடலாமுங்க!" முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

செல்வக்குமாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனாலும் மனசுக்குள் எதுவோ உறுத்தியது. கீழே ஓடினான். பீஸ் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒச்சாயி, வேலை நின்ற தைரியத்தில் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க அக்கா, மூணு மணி நேரத்துல எப்படிங்க நாலாயிரத்து எண்ணூறு?"

"தெனமும் பத்து மணிக்குக் கரண்டு போயிரும்ல தம்பி? ஜெனரேட்டரு மெஷினுக்கும் மாடி ஆபீசுக்கும்தான், கீழ எங்க கம்ப்யூட்டருக்குக் கிடையாது. அதான் காலைல வந்ததுமே, சாயங்காலம் வரைக்கும் தைக்கப்போறதையும் சேத்து ஏத்திப்புடுவேன்!"